நோயாளிகளுக்குத் துணை நிற்கும் அமைப்புக்காக நெடுந்தூரம் நடந்து நிதி திரட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நடந்து நிதி திரட்டலாம் என்று தோன்றியவுடன் பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது வரைபடத்தைத்தான். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் என்று மனம் அங்கேயே சுற்றும். ஆசை இயல்பானதுதான். ஆனால் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, எந்த அமைப்புக்காக நடக்கப் போகிறீர்களோ அவர்களிடம் முதலில் பேசுங்கள் என்பதுதான் என் யோசனை. பணம் தருபவர்கள் உங்கள் கால்களுக்காகத் தருவதில்லை, அந்த அமைப்பின் உதவியை நம்பி இருக்கும் நோயாளிக்குத் தருகிறார்கள். எவ்வளவு தூரம் நடப்பது, எப்படிக் கேட்பது, செலவை யார் ஏற்பது, காலில் அடிபட்டால் நிறுத்தலாமா என்று வழியில் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இந்த ஒன்றிலிருந்தே கிடைக்கும்.

1. அமைப்பிடம் பேசுங்கள்

நோயாளிகளுக்குத் துணை நிற்கும் அமைப்பு வேறு, மருத்துவமனை வேறு, ஆராய்ச்சி நிதியம் வேறு. துணை அமைப்புகள் செய்யும் வேலை பெரும்பாலும் வெளியே தெரியாது. நோய் உறுதியான அன்று இரவு தூக்கம் வராதவர் அழைக்க ஒரு தொலைபேசி எண். சிகிச்சைக்கு வரும் குழந்தையின் பெற்றோர் தங்க ஓர் அறை. இரவு பகலாகப் பார்த்துக்கொள்பவருக்குச் சில மணிநேர ஓய்வு. மருத்துவமனைக்குப் போய்வர வண்டி. புதுக் கட்டடத்துக்குக் கல்வெட்டோடு பணம் தர ஆள் கிடைப்பார்கள். வண்டிக்கு எரிபொருள் போடப் பணம் கிடைப்பதுதான் கஷ்டம். நம்மைப் போன்றவர்கள் நடந்து சேர்க்கும் பணம் மிகவும் பயன்படுவது இங்கேதான்.

அவர்களிடம் கேட்க வேண்டியவை இவை. இப்போது எந்தச் சேவைக்குப் பணம் போதவில்லை? நிதி திரட்டுபவர்களோடு பேசுவதற்கென்று பொறுப்பாளர் யாராவது இருக்கிறாரா? அமைப்பின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்துமூலம் அனுமதி தருவார்களா? நன்கொடை நேராக அவர்கள் கணக்குக்கே போகும்படி இணையப்பக்கம் ஒன்றை அமைத்துத் தர முடியுமா? ரசீது யார் தருவது? பதிவு எண்ணையும் கடந்த ஆண்டின் கணக்கறிக்கையையும் கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல அமைப்பு இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. அதோடு, உங்களிடம் பணம் தரப்போகிறவர்களும் இதே கேள்விகளைத்தான் உங்களிடம் கேட்பார்கள்.

ஒரு நுணுக்கமான விஷயம். 'டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வண்டி வாங்க' என்று சொல்லிப் பணம் சேர்த்தால் பல நாட்டுச் சட்டப்படி அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது. வண்டிக்குப் போதாமல் போனாலும் சிக்கல், மிஞ்சினாலும் சிக்கல். அதனால் முதல் அறிவிப்பிலேயே 'தேவைக்கு மேல் சேர்ந்தாலோ, தேவையான தொகை சேராமல் போனாலோ அமைப்பின் பிற சேவைகளுக்குப் பயன்படுத்தப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அமைப்பும் நிம்மதியாக இருக்கும், கொடுப்பவருக்கும் தெளிவாக இருக்கும்.

2. தூரத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கட்டும்

நீளமான நடைதான் நல்ல நடை என்று எந்த விதியும் இல்லை. 1985-ல் அமெரிக்காவின் டகோமா நகரில் கோர்டி கிளாட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒரு ஓட்டப்பந்தயத் தடத்தையே 24 மணிநேரம் சுற்றிச் சுற்றி வந்து, புற்றுநோய்ச் சங்கத்துக்கு 27,000 டாலர் சேர்த்தார். 'ரிலே ஃபார் லைஃப்' என்று பல நாடுகளில் நடக்கும் நிகழ்ச்சி அதிலிருந்து பிறந்ததுதான். 2020-ல் இங்கிலாந்தின் டாம் மூர், தம் நூறாவது பிறந்தநாளுக்குள் 25 மீட்டர் நீளமுள்ள தம் வீட்டுத் தோட்டப் பாதையில் நூறு நடை நடப்பது என்று சக்கரம் வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்தபடி ஆரம்பித்தார். நாட்டின் பொது மருத்துவச் சேவைக்குத் துணை நிற்கும் அறக்கட்டளைகளுக்கு ஆயிரம் பவுண்டு சேர்ப்பதுதான் எண்ணம். சேர்ந்ததோ மூன்று கோடி பவுண்டுக்கும் மேல். மொத்தம் இரண்டரைக் கிலோமீட்டர்தான். யார் நடக்கிறார், எதற்காக நடக்கிறார் என்பது கேட்டவுடன் புரிந்தது, அவ்வளவுதான்.

எனவே தூரத்தை நோயோடு சேர்த்து யோசியுங்கள். ஹீமோடயாலிசிஸ் (செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்துகொள்பவர் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணிநேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஆண்டுக்கு 156 முறை. 'ஒரு டயாலிசிஸ் நோயாளி ஓராண்டில் 156 முறை மருத்துவமனைக்குப் போகிறார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கிலோமீட்டர் என்று 156 கிலோமீட்டர் நடக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நோயாளி வீட்டிலிருந்து சிகிச்சை மையம் வரை உள்ள தூரத்தையே நடப்பதும் நல்ல யோசனைதான்.

அப்புறம் நடைமுறைக் கணக்கு. சமதளத்தில் நல்ல நடை என்பது மணிக்கு 5 கி.மீ. 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், ஏற்றம் இருந்தால் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணிநேரம். 40 கி.மீ. பாதையில் மொத்தம் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் எட்டு மணிநேரமும் ஒன்றரை மணிநேரமும் சேர்ந்து ஒன்பதரை. இளைப்பாறவும் சாப்பிடவும் ஒன்றரை மணிநேரம் வைத்தால் பதினொன்று. அந்தப் பருவத்தில் பகல் வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் தூரத்தைக் குறையுங்கள் அல்லது இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

பல நாள் நடை என்றால், பயிற்சி உள்ளவருக்கும் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டரே நல்ல வேலை. முதல் நாள் 40 நடந்துவிட்டு மூன்றாம் நாள் படுத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். குழுவாக நடக்கலாம், தூரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் வருபவர் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளலாம். அந்த நோயோடு வாழ்பவர்கள் கடைசி ஒரு கிலோமீட்டரில் வந்து சேர்ந்துகொள்ள வழி இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

3. அனுமதி, காப்பீடு, பாதை

ஒருவரோ இருவரோ ஓரமாக நடக்க வழக்கமாக யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கூட்டமாக நடந்தாலோ, சாலையை மறிக்க வேண்டியிருந்தாலோ, வழியில் உண்டியல் ஏந்தினாலோ, வனப்பகுதிக்குள் போனாலோ அந்தந்த அதிகாரிகளிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம். மற்றவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் விபத்துக் காப்பீடு பற்றி அமைப்பிடமே கேட்பது நல்லது. சில அமைப்புகள் தங்கள் காப்பீட்டுக்குள்ளேயே இதைச் சேர்த்துக்கொள்ளும்.

பாதையை வரைபடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடக்கப் போகும் அதே நேரத்தில் ஒருமுறை வண்டியிலாவது போய்ப் பாருங்கள். நடைபாதை எங்கே முடிகிறது, நிழல் எங்கே இல்லை, கழிப்பறை எங்கே, கைபேசி சிக்னல் எங்கே கிடைக்காது என்று குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறையைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. அது இல்லாத பாதையில் நடப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

4. ஸ்பான்சர் பிடிப்பது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் வேண்டும். நடப்பதைவிடக் கேட்பதுதான் கடினம் என்று இதில் இறங்கிய யாரும் சொல்வார்கள். நடைக்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

இரண்டு முறைகள் உண்டு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்குவது ஒன்று, மொத்தமாக ஒரு தொகை வாங்கிவிடுவது இன்னொன்று. முதல் முறை கேட்க ரசமாக இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனாலும் நான் மொத்தத் தொகையைத்தான் சிபாரிசு செய்வேன். கிலோமீட்டர் கணக்கில் வாக்குறுதி வாங்கியவர், முழங்கால் வீங்கிய பிறகும் 'இன்னும் பத்து கிலோமீட்டர் நடந்தால் இவ்வளவு வருமே' என்று கணக்குப் போட்டுக்கொண்டு நடப்பார். அந்தக் கணக்கு அவர் தலையில் ஏறவே கூடாது. தவிர, நடை முடிந்த பிறகு வாக்குறுதிகளைத் துரத்திப் பிடிப்பது தனி வேலை. மொத்தத் தொகை என்றால் கையோடு வந்துவிடும், நடக்கும்போது மனமும் லேசாக இருக்கும்.

யாரிடம் முதலில் கேட்பது? வீட்டிலும், மிக நெருங்கிய நண்பர்களிடமும். நன்கொடைப் பக்கத்தைப் பத்துப் பேருக்கு மட்டும் முதலில் காட்டி அவர்கள் தந்த பிறகு ஊருக்கு அறிவியுங்கள். பூஜ்யம் காட்டும் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் கை வராது. ஏற்கனவே உள்ள தொகைகளைப் பார்த்துத்தான் அடுத்தவர் தம் தொகையை முடிவு செய்கிறார். எனவே முதல் சில தொகைகள் கொஞ்சம் தாராளமாக இருப்பது நல்லது. முதல் நன்கொடை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

எல்லாருக்கும் ஒரே செய்தியைக் குழுவில் போட்டால், எல்லாரும் படிப்பார்கள், வேறு யாராவது தருவார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு மாதிரி:

'அண்ணா, எப்படி இருக்கிறீர்கள்? வருகிற மாதம் நான் 156 கிலோமீட்டர் நடக்கப் போகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர் ஒருவர் வருஷத்துக்கு 156 முறை டயாலிசிஸுக்குப் போய்வர வேண்டும். வண்டி வசதி இல்லாமல் சிலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள் என்று அந்த அமைப்பில் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யத்தான் இந்தப் பணம். ஒரு நோயாளி ஒரு முறை போய்வர ஆகும் செலவு இவ்வளவு. உங்களால் எத்தனை முறைக்குத் தர முடியும்? பணம் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். என் பயணச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். முடியவில்லை என்றாலும் பரவாயில்லை அண்ணா, இந்தச் செய்தியை இன்னொருவருக்கு அனுப்பினால் அதுவே பெரிய உதவி.'

இதில் கவனிக்க வேண்டியது: ஒரு முறைக்கான செலவை நாமாக ஊகித்து எழுதக் கூடாது. அமைப்பிடம் கேட்டு, அவர்கள் சொன்ன தொகையை மட்டும் எழுதுங்கள். அதே போல 'உங்களால் முடிந்ததைத் தாருங்கள்' என்று விட்டுவிடாமல் ஓர் அளவு காட்டுங்கள். எவ்வளவு தருவது என்று தெரியாமலேயே பலர் தள்ளிப்போட்டு மறந்துவிடுகிறார்கள்.

பதில் வராவிட்டால் நினைவூட்டலாம். அது தொந்தரவு இல்லை. பலர் உண்மையிலேயே மறந்திருப்பார்கள். பயிற்சியில் நீண்ட நடை முடித்த அன்று, நடைக்கு முதல் நாள், நடை முடிந்த அன்று, இந்த மூன்றும் நினைவூட்டப் பொருத்தமான நாட்கள். ஆனால் ஒருவருக்கு இரண்டு நினைவூட்டலுக்கு மேல் போக வேண்டாம். வேலை செய்யும் இடத்திலும் கேளுங்கள். ஊழியர் சேர்க்கும் தொகைக்கு இணையான தொகையை நிறுவனமும் தரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வரிச்சலுகைக்கு அமைப்பு தகுதி பெற்றிருந்தால் அதையும் செய்தியில் சொல்லுங்கள்.

செலவு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காலணி, தங்குமிடம், சாப்பாடு, பனியன் அச்சிடுவது எதுவும் நன்கொடையிலிருந்து எடுக்கப்படக் கூடாது. கையிலிருந்து போட முடியாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு கடைக்காரரையோ நிறுவனத்தையோ கேளுங்கள், 'இது பயணச் செலவுக்கு' என்று வெளிப்படையாகச் சொல்லியே கேளுங்கள். ரொக்கமாக வரும் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, பெயரோடு எழுதி, அன்றோ மறுநாளோ அமைப்பின் கணக்கில் கட்டிவிடுங்கள். சொந்தக் கணக்கில் ஓர் இரவுகூடத் தங்க விடாதீர்கள்.

நோயாளியின் மரியாதை எல்லாவற்றுக்கும் மேல். ஒருவரின் பெயர், படம், நோய் விவரம் எதையும் அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் வெளியிடக் கூடாது. குழந்தை என்றால் பெற்றோர் சம்மதித்தாலும், வளர்ந்த பிறகு இந்தப் படத்தைப் பார்த்து அது என்ன நினைக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பார்ப்பவரை அழவைக்கும் படம் அதிகப் பணம் கொண்டுவரலாம். ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் நாளைக்கும் அதே தெருவில் நடமாட வேண்டும். நோயைக் குணமாக்கிவிடுவோம் என்ற மாதிரி வாக்கியங்களும் வேண்டாம். துணை அமைப்பு தருவது துணை. அதைச் சொன்னாலே போதும்.

5. பயிற்சி

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், இதயநோய், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள், தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

ஒரே நாளில் 50 கி.மீ. நடக்கப் பதினாறு வாரம் ஒதுக்குங்கள். வாரநாட்களில் மூன்று நாள் ஐந்திலிருந்து எட்டு கிலோமீட்டர் வரை நடங்கள். வார இறுதியில் ஒரு நீண்ட நடை. அந்த நீண்ட நடையின் தூரம் வாரவாரியாக இப்படிப் போகலாம்: 8, 11, 14, 10, 16, 19, 22, 15, 24, 27, 30, 20, 36, 22, 12 கி.மீ. பதினாறாவது வாரத்தில் நிஜ நடை. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் குறைவதைக் கவனியுங்கள். உடம்பு பலம் சேர்ப்பது அந்த ஓய்வில்தான், அதைத் தவிர்க்காதீர்கள். முழுத் தூரத்தையும் முன்கூட்டி நடந்து பார்க்கத் தேவையில்லை. ஏறத்தாழ முக்கால் பங்கு நடந்தவருக்கு மீதியும் வரும். கடைசி இரண்டு வாரம் குறைத்தே நடங்கள், விட்டதைப் பிடிக்கும் நேரம் அது இல்லை.

பல நாள் நடை என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடந்து பழகுங்கள். களைத்த காலோடு காலையில் எழுந்து மறுபடி ஷூ மாட்டும் பழக்கம் வேறு எதிலும் வராது. கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் வாரம் இருமுறை வலுவூட்டும் பயிற்சி செய்யுங்கள். இறக்கத்தில் முழங்காலைக் காப்பது தொடைத் தசைதான். வெயில் காலத்தில் நடப்பதாக இருந்தால் உடம்பு வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். குளிரூட்டிய அறையில் நடைக்கருவியில் மட்டும் பயிற்சி எடுத்தவர் வெயிலில் தடுமாறுவார்.

6. பாதம்

நெடுநடையைப் பாதியில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் மூச்சோ தசையோ அல்ல, கொப்புளம். தோல் ஈரமாகி, சூடாகி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுபடும்போது மேல்தோலின் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரத்தையும் உரசலையும் குறைத்தால் கொப்புளமும் குறையும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நெடுநடையில் இன்னும் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடைக்கு முந்தைய வாரம் புது ஷூ வாங்கவே கூடாது. ஓட்டத்துக்கான ஷூக்கள் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரைதான் உழைக்கும். பயிற்சியிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. நகத்தை மூன்று நாலு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி விரல்நுனி இடிக்கிறது, அல்லது குதிகால் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் லேஸ் கட்டும் விதத்தை மாற்றினாலே சரியாகும். ஷூவின் மேல்நுனியில் யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் அந்த ஓட்டைக்குள் விட்டு, சின்ன வளையம் ஒன்று நிற்கும்படி விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும், இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, குதிகாலைப் பின்னால் நன்றாகப் பதித்து உட்கார்ந்தபடி இழுத்து முடிச்சுப் போடுங்கள். விரல்பகுதி தளர்வாகவே இருக்கும், குதிகால் மட்டும் அசையாது.

நடக்கும்போது ஓர் இடம் காந்தத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அதற்குள் கொப்புளம் வந்திருக்கும். சாக்ஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, காற்றில் ஒரு நிமிடம் உலர விடுங்கள். ஒட்டும் பட்டையைச் சிவந்த இடத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரித்துவிடுங்கள். கூர்மூலை இருந்தால் சாக்ஸில் மாட்டி உரிந்துகொண்டே வரும். சுருக்கம் இல்லாமல் ஒட்டி, அது நன்றாகப் பிடிக்கும்வரை உள்ளங்கைச் சூட்டில் அழுத்திப் பிடியுங்கள். சாக்ஸை மாற்றிக்கொண்டு கிளம்பலாம். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

கொப்புளம் வந்தே விட்டால், சின்னதாக இருந்தால் தொடாமல் மூடிவிடுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால் மட்டும், கையைக் கழுவி, ஸ்பிரிட்டில் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல்தோலை உரிக்காதீர்கள், கிருமியைத் தடுக்கும் கவசம் அதுதான். மருந்து போட்டு மூடிக்கட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாக இதைச் செய்யவே கூடாது.

தொடை உராயும் இடம், அக்குள் ஆகிய இடங்களில் கிளம்பும்போதே வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

7. தண்ணீரும் உணவும்

தண்ணீர் குறைவது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து என்று பலருக்குத் தெரியாது. மணிக்கணக்காக வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லி போதும். பயிற்சி நடையின் முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

உப்புக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உதவும். அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அரைப் பொட்டலம் கால் பொட்டலம் என்று கண்ணளவில் போட வேண்டாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துங்கள்.

முதல் ஒரு மணிநேரத்துக்குப் பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வயிற்றுக்குள் போவது நல்லது. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் தாமதம், கொஞ்சம் கொஞ்சமாக முன்பே கொறியுங்கள். இனிப்பு சில மணிநேரத்தில் திகட்டிவிடும், அப்போது உப்பான தின்பண்டம் கைகொடுக்கும். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று புதிதாக முயல வேண்டாம்.

வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இபுபுரூஃபன் போன்றவற்றைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் நடப்பது பலரிடம் உள்ள பழக்கம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். நிற்கச் சொல்லும் வலியையும் மறைத்துவிடும். தவிர்த்துவிடுங்கள்.

8. உடன் வரும் குழு, நடக்கும் நாள்

எட்டு அல்லது பத்து கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் வண்டியோடு ஒருவர் காத்திருக்கட்டும். தண்ணீர், மாற்று சாக்ஸ், முதலுதவிப் பெட்டி, உட்கார ஒரு நாற்காலி போதும். இன்னொருவர் கைபேசியோடு இருந்து ஸ்பான்சர்களுக்குச் செய்தி அனுப்பட்டும். நடப்பவர் கையில் அந்த வேலையைத் தராதீர்கள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பெயர், ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எழுதிய அட்டை இருக்க வேண்டும்.

நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள். நடப்பவராக இல்லாமல், உடன் வரும் குழுவில் ஒருவராக இருக்க வேண்டும். அவர் போதும் என்றால் போதும், அங்கே வாதம் இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே கிளம்புங்கள்.

விடியற்காலையில் கிளம்புங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். அந்த நேரத்து உற்சாகத்தில் வேகம் தானாகக் கூடும், அதற்கான விலையை முப்பதாவது கிலோமீட்டரில் கொடுப்பீர்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கி பகலிலும் இருக்கட்டும். பாட்டு கேட்க வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும்.

9. எப்போது நிறுத்துவது

மார்பில் வலி அல்லது இறுக்கம், மூச்சு வாங்கி அடங்காதது, மயக்கம், பேச்சில் குழப்பம், நிறுத்தாமல் வாந்தி, பால் கலக்காத காபி நிறத்தில் சிறுநீர், ஊன்றும் ஒவ்வொரு அடிக்கும் எலும்பில் ஒரே புள்ளியில் குத்தும் வலி. இவற்றில் எது வந்தாலும் அன்றைய நடை முடிந்தது, மருத்துவ உதவி தேடுங்கள். வெயிலில் ஒருவர் குழப்பமாகப் பேசி, உடம்பும் கொதித்தால் வெப்பவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

ஸ்பான்சர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்தான் பலரை நிறுத்த விடாமல் தடுக்கிறது. டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12-ல் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்ற கணக்கில் நிதி சேர வேண்டும் என்பது அவர் ஆசை. 143 நாளில் 5,373 கி.மீ. ஓடிய பிறகு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்து செப்டம்பர் 1-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. மேற்குக் கரையை அவர் தொடவே இல்லை. ஆனால் 1981 பிப்ரவரிக்குள் நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது, அன்றைய கனடாவின் மக்கள்தொகைக்கு ஏறக்குறைய அதே அளவு. ஓட்டம் நின்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது. நீங்கள் முப்பதாவது கிலோமீட்டரில் நிறுத்தினாலும் அந்த நோயாளிக்கு அடுத்த வாரமும் வண்டி தேவைப்படும். அது உங்கள் ஸ்பான்சர்களுக்கும் தெரியும். நடந்ததை நடந்தபடி அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

10. முடிந்த பிறகு

முடித்தவுடன் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். உலர்ந்த உடை, சாப்பாடு, நல்ல தூக்கம். வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், வேறு யாராவது ஓட்டட்டும். அடுத்த சில நாட்கள் படியிறங்கும்போது தொடை வலிக்கும், அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கவில்லை என்று உறுதியாக வேண்டும்.

இரண்டு நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள். சின்னத் தொகை தந்தவர்களுக்கும் அதே அக்கறையோடு. நிலுவையில் உள்ள வாக்குறுதிகளை ஒரு மாதத்துக்குள் வசூலித்து முடியுங்கள், அதற்கு மேல் போனால் கேட்பவருக்கும் சங்கடம், கொடுப்பவருக்கும் சங்கடம். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, பயணச் செலவு எவ்வளவு, அதை யார் ஏற்றார், அமைப்பிடம் எப்போது போய்ச் சேர்ந்தது என்று ஒரு பக்கக் கணக்கு எழுதி, அமைப்பின் ரசீதோடு எல்லாருக்கும் அனுப்புங்கள்.

மூன்று மாதம் கழித்து அமைப்புக்கு ஒருமுறை போன் செய்து அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு வண்டி போனது, எத்தனை குடும்பம் தங்கியது என்று அவர்கள் சொல்வதை நாலு வரியில் எழுதி ஸ்பான்சர்களுக்கு அனுப்புங்கள். அந்தச் செய்தியில் மறுபடி பணம் கேட்காதீர்கள்.